போதைப்பொருள் பயன்படுத்துவோர் சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போகாமலிருக்க மருத்துவமனையில் எதை மாற்றலாம்?

மாலைநேரப்பணி:
எங்கள் மருத்துவமனைக்குப் போதைப்பொருள் பயன்படுத்துபவர்கள் சீழ்க்கட்டி, காய்ச்சல், கல்லீரல் கோளாறு என்று வருகிறார்கள். பலர் டோக்கன் வாங்கிவிட்டு, பெயர் கூப்பிடும் முன்பே எழுந்து போய்விடுகிறார்கள். வார்டில் சேர்த்தாலும் முதல் ராத்திரியே, சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். ஊழியர்களுக்கு ஒரு நாள் விழிப்புணர்வு வகுப்பு நடத்தினார்கள். கொஞ்ச நாளில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. இன்னொரு வகுப்பால் பலன் இருக்கும் என்று தோன்றவில்லை. வேலை நடக்கும் முறையிலேயே எதை மாற்றினால் இவர்கள் தங்குவார்கள்?

வார்டு7:
அந்த முதல் ராத்திரியிலிருந்து தொடங்குங்கள். ஹெராயின் போலச் சீக்கிரம் இறங்கும் ஓபியாய்டு (அபின் வகைப் பொருள்) என்றால், கடைசியாக எடுத்த 8 முதல் 24 மணி நேரத்துக்குள், எடுக்காததால் வரும் விலகல் அறிகுறிகள் வந்துவிடும்: வியர்வை, கொட்டாவி, வயிற்றுப்போக்கு, கை கால் குடைச்சல், ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு. அதற்கு மருந்து கிடைக்காதவர் வெளியே போய்த்தான் ஆகவேண்டும். கோப்பில் மட்டும் "ஒத்துழைக்கவில்லை" என்று ஏறிவிடும்.

என்ன எடுக்கிறார், எவ்வளவு, கடைசியாக எப்போது என்பதைச் சேர்க்கும்போதே கேளுங்கள். கேட்பதற்கு முன் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்: "ராத்திரி உங்களுக்கு உடம்பு முறுக்காமல் இருக்க மருந்து போடணும், அதுக்காகத்தான் கேட்கிறேன்." ஏற்கெனவே மெத்தடோன் (விலகலைத் தடுக்கக் கொடுக்கும் ஓபியாய்டு மருந்து) வாங்குபவர் என்றால், கொடுக்கும் இடத்துக்கு அன்றே போன் செய்து அளவையும் கடைசியாக வாங்கிய தேதியையும் உறுதி செய்ய வேண்டும். புதிதாகத் தொடங்கும்போது மெத்தடோன் முதல் வேளை பொதுவாக 30 மில்லிகிராமைத் தாண்டாது. நாளுக்கு நாள் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும் மருந்து அது. அதே வேலைக்கான இன்னொரு மருந்தான புப்ரெனார்ஃபினை, விலகல் அறிகுறி நன்றாகத் தெரிந்த பிறகே கொடுக்கலாம். அவசரப்பட்டால் விலகல் சட்டென்று கடுமையாகிவிடும், அதையும் "ரகளை செய்கிறார்" என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. ராத்திரியிலும் இவை கைக்குக் கிடைக்க ஏற்பாடு செய்தால், எத்தனை வகுப்பு நடத்தினாலும் கிடைக்காத பலன் கிடைக்கும்.

வலி இன்னொரு சிக்கல். மெத்தடோன் விலகலை ஒரு நாள் முழுக்கத் தடுக்கும்; வலியைக் குறைப்பதோ சுமார் 6 முதல் 8 மணி நேரம்தான். அறுவைச் சிகிச்சை வலிக்கு அவருடைய தினசரி அளவு போதாது. அதை நிறுத்தாமல் கொடுத்து, மேலே வலிக்குத் தனியாக மருந்து எழுத வேண்டும், பலருக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே தேவைப்படும். இது தெரியாத இடத்தில் வலி என்று சொன்னாலே நடிப்பு என்கிறார்கள்.

கோப்பறை:
வார்டு7 சொன்னதோடு, கோப்பையும் பாருங்கள். "போதைக்கு அடிமை, மருந்து கேட்டு வருபவர்" என்று ஒருவர் ஒருமுறை எழுதினால், அடுத்தடுத்து வருபவர்கள் அதையே நகலெடுத்துப் போடுகிறார்கள். 2010-ல் கெல்லியும் வெஸ்டர்ஹாஃபும் வெளியிட்ட ஆய்வில், 500-க்கும் மேற்பட்ட மனநலச் சிகிச்சையாளர்களுக்கு ஒரே நோயாளியின் விவரத்தைக் கொடுத்தார்கள். அவரைக் குறிக்கும் சொல் மட்டும் இரண்டு விதம். இழிவுபடுத்தும் சொல்லைப் படித்தவர்கள், குற்றம் அவருடையதே, தண்டனை வேண்டும் என்ற பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். பயிற்சி பெற்றவர்களிடமே இப்படி.

ஆகவே முடிவை எழுதாமல் பார்த்ததை எழுதச் சொல்லுங்கள்: "ஹெராயின் ஊசி, தினமும், கடைசியாக நேற்று இரவு." சிறுநீர்ப் பரிசோதனைக்கு "சுத்தம்", "அழுக்கு" என்றெல்லாம் போடாமல், எந்தப் பொருள் தெரிந்தது, தெரியவில்லை என்று போடலாம். விரைவுச் சோதனையை அப்படியே நம்பவும் கூடாது. ஓபியேட்டுக்கான (அபினிலிருந்து வரும் பொருள்களுக்கான) வழக்கமான சோதனைப் பட்டை, ஃபென்டனைல் என்ற செயற்கை ஓபியாய்டைக் காட்டாது; வேறு மருந்துகளால் பொய்யாக பாசிட்டிவ் வருவதும் உண்டு. சிகிச்சையை மாற்றும் முடிவு என்றால், முதலில் ஆய்வகத்தில் உறுதி செய்யட்டும்.

கூடநிற்பவர்:
டோக்கன் வாங்கிவிட்டு எழுந்து போவது பெரும்பாலும் வரவேற்பு மேசையில் தீர்மானமாகிவிடுகிறது. எதற்கு வந்தீர்கள் என்று கூடத்துக்கே கேட்கும்படி கேட்காதீர்கள். சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்லலாம், எழுத வராதவரைத் தள்ளி அழைத்துப்போய்க் கேட்கலாம். பையைச் சோதிக்கும் விதி இருந்தால் எல்லோருக்கும் இருக்கட்டும், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம். கையுறையும் அப்படித்தான். ரத்தம் எடுக்க எல்லோருக்கும் ஒரு ஜோடி, இவருக்கு மட்டும் இரண்டு ஜோடி என்றால், பக்கத்துக் கட்டிலுக்கும் சேதி போய்விடும்.

நரம்பு கிடைக்காதபோது "நீங்களே கெடுத்துக்கொண்டீர்கள்" என்பது அடிக்கடி காதில் விழும் பேச்சு. எந்த நரம்பு இன்னும் நன்றாக இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள், அவரைவிட யாருக்குத் தெரியும்? கையை வெதுவெதுப்பாக்கி, கைதேர்ந்தவரை முதலிலேயே வரவழையுங்கள். இரண்டு முறை குத்தியும் கிடைக்கவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள், அல்லது அல்ட்ராசவுண்ட் வைத்துப் பாருங்கள்.

அனுப்பும்போது நலாக்சோன் (ஓபியாய்டு அளவு மிஞ்சி மூச்சு நின்றால் மீட்கும் மருந்து) கொடுக்காமல் அனுப்ப வேண்டாம். வார்டில் சில நாள் எடுக்காமல் இருந்தாலே உடம்பின் தாங்குசக்தி குறைந்துவிடும். வெளியே போய்ப் பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். 4 மில்லிகிராம் மூக்கு ஸ்பிரே என்றால் ஒரு நாசியில் ஒரு முறை, மூச்சு திரும்பாவிட்டால் 2 அல்லது 3 நிமிடத்தில் மற்ற நாசியில் அடுத்தது, நடுவில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். தனக்குத்தானே போட்டுக்கொள்ள முடியாது என்பதால் கூட இருப்பவருக்கும் காட்டிக்கொடுங்கள். இதை அறிவுரையோடு கலக்காமல், மற்ற மாத்திரைகளோடு ஒன்றாக அதே சீட்டில் எழுதுங்கள்.

மாலைநேரப்பணி:
மிக்க நன்றி. ஒன்று மட்டும்: கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி தொற்றுக்கான மருந்துக்கு "முதலில் போதையை விடு, பிறகு வா" என்கிறார்கள். அது சரியா?

கோப்பறை:
சரியில்லை. சோஃபாஸ்புவிர், வெல்படாஸ்விர் கூட்டு மாத்திரை வழக்கமாக 12 வாரம். இப்போதும் ஊசி போடுபவர்களுக்கும் நன்றாகவே குணமாகிறது. தொற்று மறுபடி வரலாம் என்பது உண்மைதான். அதற்காக மருந்தை மறுக்கக் கூடாது. புது ஊசியும் சிரிஞ்சும் கூடவே கொடுக்க வேண்டும். அந்த நிபந்தனை எந்த விதியில் எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். எழுத்தில் இல்லாமல் வாய்வழியாக மட்டும் நடக்கிறது என்றால், ஒரு சுற்றறிக்கை போட்டே நிறுத்திவிடலாம்.