‘லெஸ்ஸே ஃபேர்’: தலையிடாக் கொள்கையா, செய்யவிடலா?

அன்புடையீர், வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் ‘லெஸ்ஸே ஃபேர்’ (laissez-faire, ‘செய்ய விடுங்கள்’ என்னும் பிரெஞ்சுத் தொடர்) என்ற பொருளியல் சொல்லுக்குத் தமிழில் என்ன போடலாம் என்று வந்த பரிந்துரைகளைப் படித்தேன். பெரும்பாலோர் ‘தலையிடாக் கொள்கை’யின் பக்கம் நிற்கிறீர்கள். பாடநூல்களில் ஊறிய சொல், கேட்டவுடன் புரிகிறது. ஆனாலும் நான் எதிர்க்கிறேன். மடல் கொஞ்சம் நீளும், பொறுத்தருள்க.

> அரசு பொருளாதாரத்தில் கைவைக்காது என்பதுதானே பொருள்? இதில் என்ன சிக்கல், ஐயா?

அந்தக் கொள்கையைச் சட்டமாக்க முனைந்த மனிதரிடமே சிக்கல் தொடங்குகிறது. 1774 ஆகஸ்டில் துர்கோ, பிரெஞ்சு அரசர் பதினாறாம் லூயியின் நிதியமைச்சராகப் பொறுப்பேற்றார். செப்டம்பர் 13 அன்று, பிரான்சுக்குள் தானியத்தை யாரும் எங்கும் வாங்கலாம், விற்கலாம் என்று ஆணை பிறந்தது. எந்தச் சந்தையில், எந்த நேரத்தில், யாருக்கு முதலில் அளக்க வேண்டும் என்றெல்லாம் அதுவரை அதிகாரிகள் வகுத்திருந்தார்கள். போதாத காலம், அந்த ஆண்டு விளைச்சலும் பொய்த்தது. 1775 ஏப்ரலிலும் மே மாதத்திலும் ரொட்டி விலை ஏற, பாரிஸைச் சுற்றியுள்ள ஊர்களில் மக்கள் தானியப் படகுகளை மறித்தார்கள். பலரும் கொள்ளையடிக்கவில்லை, தாங்கள் நியாயமென்று கருதிய விலையைக் கொடுத்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வரலாற்றில் இதற்கு ‘மாவுப் போர்’ என்று பெயர். துர்கோ ஏறத்தாழ 25,000 படைவீரர்களை இறக்கினார். மே 11 அன்று பாரிஸின் கிரேவ் சதுக்கத்தில் இருவரைத் தூக்கிலிட்டார்கள். அவர்களில் ஒருவர் பொய்முடி செய்து பிழைத்தவர். இதைத் தலையிடாமை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

1776 தொடக்கத்தில் அவர் கைவினைக் குழுமங்களையும் கலைத்தார். குழுமத்தில் இடம் பெறாதவர் பாரிஸில் தையற்கடைகூடத் திறக்க முடியாத காலம் அது. உழைக்கும் உரிமை ஒவ்வொரு மனிதனின் முதற்சொத்து, அது அரசன் விலைக்கு விற்கும் சலுகையன்று என்பது அந்த ஆணையின் முகப்புரை வாதம். அறிவொளிக் காலத்தின் தனிமனித விடுதலை, அரசு, பொருளியல் மூன்றும் ஒரே இடத்தில் முடிச்சிட்டுக்கொள்வதை இங்கே பார்க்கலாம். ஆணைக்கு மறுபக்கமும் உண்டு: முதலாளிகளோ தொழிலாளிகளோ சங்கமாகக் கூடவும் தடை. அரசாணை செல்லுபடியாக அதைப் பதிவு செய்ய வேண்டிய பாரிஸின் உயர்நீதிமன்றம் மறுத்தது. மார்ச் 12 அன்று அரசரே நேரில் அமர்ந்து பதிவு செய்ய வைத்தார். மே மாதம் துர்கோவின் பதவி போயிற்று. ஆகஸ்டில் குழுமங்கள் சற்று உருமாறித் திரும்பி வந்தன.

ஆக, தடையை நீக்குவதும் வலிந்து செய்யும் அரசுச் செயல்தான். ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்ற பட்டத்தைத் தலையிடாத சோழன் என்று யாராவது விளக்குவோமா?

சொல் பிறந்த கதையையும் பாருங்கள். உங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் வணிகர்களைக் கேட்டாராம். லெஜாந்தர் என்பவர், “எங்களைச் செய்ய விடுங்கள்” என்றாராம். உண்மையோ புனைவோ, வணிகத்துறை அதிகாரி குர்னே மறைந்தபோது 1759இல் துர்கோ எழுதிய புகழுரையில் இது வருகிறது. பேசுபவன் வணிகன், கேட்பவர் அமைச்சர். ‘தலையிடா’ என்றதும் பேச்சு அமைச்சரின் வாய்க்கு மாறிவிடுகிறது.

என் பரிந்துரை: செய்யவிடல். கொள்கையைக் குறிக்கச் ‘செய்யவிடல் கொள்கை’. இணைச்சொல்லான ‘லெஸ்ஸே பாஸே’வுக்குப் ‘போகவிடல்’ தானாகக் கிடைக்கிறது.

> ‘செயல்விடுப்பு’ செறிவாக இருக்கிறதே?

செறிவுதான் அம்மா, ஆனால் படித்தவுடன் விடுப்பு விண்ணப்பம் நினைவுக்கு வருகிறது. ‘தாராளமயம்’ அண்மைக்கால நடவடிக்கைக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. ‘தடையற்ற வணிகம்’ நாடுகளுக்கு இடையிலானது.

> விளக்கத்தில் ‘ஆடம் ஸ்மித்தின் கொள்கை’ என்று போட்டுவிடலாமா?

வேண்டாம். 1776இல் வந்த அவருடைய பெருநூலான ‘நாடுகளின் செல்வ’த்தில் இந்தத் தொடரே இல்லை. பாதுகாப்பு, நீதி, பொதுப்பணிகள் ஆகிய மூன்றையும் அவர் அரசின் கடமையாக வைத்தார். வணிகச் சரக்கைப் பெரிதும் தம் கப்பல்களிலேயே ஏற்ற வைத்த ஆங்கிலேயரின் கப்பல் சட்டத்தை ஆதரித்தார். வட்டிக்கு உச்சவரம்பும் வேண்டும் என்றார்.

தானிய வணிகத்தில் மட்டும் அவர் விடாப்பிடிக்காரர். அரசு பற்றாக்குறையைத் தீர்க்கப்போய்த் தவறான வழியில் வன்முறையாகப் புகுவதாலேயே பஞ்சம் வருகிறது என்று எழுதினார். வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்கள் அரிசி வணிகத்துக்கு விதித்த கட்டுப்பாடுகளை எடுத்துக்காட்டினார். நூறாண்டு கழித்து, 1876–78 பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்துக்கொண்டிருந்தபோது, உணவு விலையைக் குறைக்கும் நோக்கில் அரசு எவ்விதத்திலும் தலையிடக்கூடாது என்று வைஸ்ராய் லிட்டன் ஆணையிட்டார். ஸ்மித் கம்பெனியின் அத்துமீறலைக் கடிந்து எழுதியது, பட்டினிக்கு முன் கைகட்டி நிற்பதற்கு நியாயமாகிவிட்டது. விலையில் தலையிடாத அதே அரசு, கூலிக்காரரின் சோற்றை மட்டும் நிறுத்துப் பார்த்தது: பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட வந்த அதிகாரி டெம்பிள் வகுத்த கணக்குப்படி, நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும்.

லிட்டனின் ஆணைக்குத் ‘தலையிடாக் கொள்கை’ கச்சிதமாகப் பொருந்துகிறது. எனவே அந்தச் சொல்லை நீக்கச் சொல்லவில்லை. 19ஆம் நூற்றாண்டு ஆட்சி நெறிக்குத் தனிப்பதிவாக இருக்கட்டும், ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பார்க்கச் சொல்லும் மாட்டேற்றை இரண்டுக்கும் கொடுப்போம்.

ஒரே குறை, கொள்கையாளரைக் குறிக்கும் வடிவம். ‘செய்யவிடலாளர்’ நாக்கில் இடறுகிறது. ‘செய்யவிடல்வாதி’ அதைவிட மோசம். ‘செய்யவிடல் கொள்கையர்’ வரை வந்து நிற்கிறேன். மேலானது தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று பட்டியலை முடிக்க வேண்டும்.

அன்புடன்,
பொருளியல் பிரிவுத் தொகுப்பாளர்