ஆற்றில் ரயர் ரியூப், தெப்பம் விட்ட ஆட்கள் இருக்கிறீர்களா? (இலங்கை, வன்னிப் பக்கம்)

பாலைப்பழம்

அக்காவின் ஆட்கள் ஓகஸ்டில் ரொறன்ரோவில் இருந்து வருகிறார்கள். பிள்ளைகளுக்கு ஆற்றில் ரியூப்பில் மிதக்க வேண்டுமாம், நான் மாசியில் போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு. அந்த வீடியோவில் இல்லாத ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அருவியாறு, தேக்கம் அணைக்கட்டுக்கு மேலே, குஞ்சுக்குளம் பக்கம். இடுப்பளவு தண்ணீர். இழுவையும் பெரிதாக இல்லை. உழவு மெசின் ரியூப்புகள் கொண்டு போனோம். ஆட்கள் பிரிந்து போகக்கூடாது என்று மச்சான் எல்லாவற்றையும் நைலோன் கயிற்றால் ஒன்றோடொன்று கட்டினார். ஒருவரும் மறுக்கவில்லை, நல்ல யோசனை போலத்தான் இருந்தது. வளைவில் ஒரு மருதமரம் ஆற்றுக்குள் சாய்ந்து கிடந்தது. முன்னால் போன ரியூப் வேருக்கு இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம். கயிறு வேரில் மாட்டிக்கொண்டது. அதுவரை சோம்பலாகப் போன தண்ணீர் ஒரேயடியாக மேலே ஏறி, தம்பியின் மகன் இருந்த ரியூப்பைச் செங்குத்தாக நிமிர்த்திவிட்டது. முடிச்சு இறுகி அவிழ்க்க ஏலாது. எங்கள் ஒருவரிடமும் கத்தி இல்லை. கரையில் கால் நனைத்துக்கொண்டிருந்த அம்மம்மா வெற்றிலைப் பையோடு தண்ணீருக்குள் இறங்கி வந்து பாக்குவெட்டியை நீட்டினார். மச்சான் அதால்தான் கயிற்றை வெட்டினார்.

பிள்ளைக்கு முழங்கையில் உரஞ்சல் மட்டும்தான். ஆனால் அந்த நேரம் அவன் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. வாய்க்குள் தண்ணீர் போகாமல் முகத்தை மேலே தூக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எனக்கு அந்த முகம் போகுதில்லை.

சரி, ஓகஸ்டில் எங்கே மிதக்கலாம்? போனவர்கள் சொல்லுங்கள்.

மாங்குளத்தான்

ஓகஸ்டில் ஆறு எங்கே இருக்கிறது? நம் ஆறுகள் வாடை மழைக்கு (வடகிழக்குப் பருவமழைக்கு) ஓடுகிறவை. கார்த்திகை மார்கழியில் வெள்ளம், தை மாசியில் வடிவான ஓட்டம், சித்திரை போனால் மணல். ஆடி ஆவணியில் நடுவே நடுவே மடுக்கள் மட்டும்தான் மிஞ்சும்.

இதைச் சொன்னபோது நம்பாமல் போன கூட்டத்தோடு நானும் போயிருக்கிறேன். கனகராயன் ஆறு, இரணைமடுக் குளத்துக்கு மேற்பக்கம். மிதந்ததைவிட ரியூப்பைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் நடந்ததுதான் கூட. அப்புறம் ஒரு பெரிய மடு வந்தது. பச்சைத் தண்ணீர், மேலே நல்ல நிழல். முன்னால் போனவன் ரியூப்பைத் தண்ணீரில் எறிந்துவிட்டான். நான் குனிந்து செருப்பைக் கழற்றும்போதுதான் மணலில் அதைக் கண்டேன். நெஞ்சு அகலத்துக்கு ஒரு இழுவைத் தடம், இரண்டு பக்கமும் நகம் பதிந்த கால் அடையாளம். சுற்றிலும் மணல் வெள்ளையாய்க் காய்ந்து கிடக்கிறது, அந்தத் தடம் மட்டும் ஈரம். தண்ணீருக்குள் போகிறது. வெளியே வந்த தடம் இல்லை.

ஒருவரும் பேசவில்லை. ரியூப்பை எடுக்கவும் ஒருவரும் போகவில்லை. அது இப்போதும் அங்கேதான் கிடக்கும்.

கோடையில் ஆறு வற்ற வற்ற முதலைகள் எல்லாம் மிஞ்சிய மடுக்களுக்குத்தான் வந்து சேரும். கரையில் குழி தோண்டியும் படுத்திருக்கும். நீங்கள் மிதக்க ஆசைப்படுகிற இடமும் அதுகள் இருக்கிற இடமும் ஒன்றுதான்.

பேராற்றங்கரை

முதலைக் கதை சொல்லி ஆட்களை வெருட்ட வேண்டாம் அண்ணை. சின்ன வயதில் இருந்து முத்தையன்கட்டுப் பக்கம் குளித்து வளர்ந்தவன் நான். கோடை மடு ஆபத்து, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இப்போது எங்கள் ஆறுகளில் ஆள் போவது முதலையால் அல்ல, கிடங்கால், ஆற்றுக்குள் தோண்டிய பள்ளத்தால்.

பங்குனியில் சிநேகிதன் ஒருவன் தெப்பத்துக்குப் பக்கத்தில் தண்ணீரில் நடந்து வந்தான். முழங்கால் அளவுதான். தன் கொழும்பு வேலையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தவன், வசனத்தின் நடுவில் காணாமல் போனான். தொப்பி மட்டும் தண்ணீரில் நின்றது. நாங்கள் முதலில் சிரித்தோம், விளையாடுகிறான் என்று. தெப்பத்தின் மற்றப் பக்கத்தில் கை ஒன்று வந்து தெப்பத்தில் கட்டிய பரலைப் (பீப்பாயை) பிடித்த பிறகுதான் விளங்கியது. அந்த இடத்தில் தாங்கு கோலை விட்டுப் பார்த்தோம், கோல் முழுக்க இறங்கியும் அடி தட்டவில்லை.

இரவில் உழவு மெசின் விட்டு மணல் அள்ளிய இடம். வெள்ளம் வந்தால் மேல்பரப்பு ஒன்றுபோலத் தெரியும், கீழே கிணறு. விளிம்பு வெறும் மணல், பிடித்து ஏற ஏறச் சரியும். கரையில் இருந்து நேரே தண்ணீருக்குள் ரயர் தடம் போகிறது என்றால் அந்த இடத்தில் காலே வைக்காதீர்கள். கோடையில் ஆறு காய்ந்து கிடக்கும்போது ஒருமுறை நடந்து பார்த்து, கிடங்குகள் எங்கே என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓகஸ்டில் ஆற்றுக்குப் போவதென்றால் அந்த வேலைக்குப் போங்கள்.

மாங்குளத்தான்

வெருட்டவில்லை தம்பி. கண்டதை எழுதினேன்.

பரல்_அண்ணை

எல்லோரும் ரியூப் ரியூப் என்கிறீர்கள். பிள்ளை குட்டியோடு போகிறவர்களுக்குத் தெப்பம்தான் சரி. என் அனுபவம் சின்னது: 2018 மார்கழி வெள்ளம், இரணைமடு வான் கதவுகள் திறந்த நேரம். பக்கத்து ஒழுங்கையில் நின்ற ஒரு வயோதிபச் சோடியைப் பரல் தெப்பத்தில் ஏற்றிக்கொண்டு வந்தேன். றோட்டுக்கு மேலே தண்ணீர். நடுவழியில் தெப்பம் நின்றுவிட்டது. தள்ளினால் அசையவில்லை. குனிந்து கையை விட்டால் முள்ளுக்கம்பி. யாரோ வீட்டு வேலி, தண்ணீருக்குள் முழுக்க மறைந்து நிற்கிறது. ஐயா தன் சாரத்தைக் கழற்றித் தந்தார், அதைக் கையில் சுற்றித்தான் கம்பியை அமத்திப் பிடித்தேன்.

இனி கட்டுகிற முறை. 200 லீற்றர் பிளாஸ்ரிக் பரல் ஒன்று முழுதாக மூழ்கினால் ஏறத்தாழ 200 கிலோவைத் தூக்கும். பரலின் சொந்தப் பாரம் 10 கிலோ அளவு என்று வையுங்கள். நாலு பரலுக்கு 760 கிலோ. உடனே பத்துப் பேரை ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள். பாதிக்கு மேல் ஒருநாளும் ஏற்றக்கூடாது, அதாவது 380. அதில் மரச்சட்டமும் பலகையும் ஒரு 100 கிலோ தின்னும். மிஞ்சுவது நாலு வளர்ந்த ஆட்கள். பரல் பாதி வெளியே தெரிய மிதந்தால்தான் ஒருவர் ஓரத்துக்குப் போனாலும் கவிழாது.

பரலை நிமிர்த்திக் கட்டாதீர்கள், படுக்கப் போட்டுக் கட்டுங்கள். மூடியின் றப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பழைய ரியூப்பில் வெட்டிப் போடலாம். முதல் நாளே வீட்டுத் தொட்டியில் அமத்திப் பாருங்கள், குமிழி வந்தால் ஓட்டை. கட்டுவதற்கு நைலோன் கயிற்றைவிட ரியூப் றப்பரைக் கீலம் கீலமாக வெட்டி இழுத்துக் கட்டுவது நல்லது, ஈரத்தில் தளராது. சட்டத்துக்கு மூங்கில் அல்லது கமுகு. பனஞ்சிலாகை உறுதிதான், பாரம் கூட. ஆணித்தலை வெளியே நிற்கக்கூடாது. சுற்றிவர ஓரத்தில் பிடிப்பதற்கு ஒரு கயிறு ஓடலாம், ஆனால் அது இறுக்கமாக இருக்க வேண்டும், தொங்கக்கூடாது, ஒருவரும் தன்னை அதில் கட்டக்கூடாது. கத்தி ஒன்று இடுப்பில். தாங்கு கோல் இரண்டு, ஒன்று போனால் மற்றது. பயிருக்கு அடிக்கிற கிருமிநாசினி வந்த பரலை எடுக்காதீர்கள், எத்தனை தரம் கழுவினாலும் தோல் கடிக்கும். தண்ணீர் போத்தலைக் கட்டி வையுங்கள். மதியம் மூன்று மணிக்குள் கரை ஏறிவிடுங்கள், பின்னேரம் யானை தண்ணீருக்கு வரும்.

பேராற்றங்கரை

பரல் அண்ணை, கதையைவிட அளவுதான் கூட. தெப்பம் கவிழ்ந்தால் மரச்சட்டம் தலையில் விழும், ரியூப் கவிழ்ந்தால் ஒன்றும் இல்லை. அதையும் எழுதுங்கள்.

பரல்_அண்ணை

நான் கட்டினது இதுவரை கவிழ்ந்ததில்லை.

முல்லை_மகள்

நீங்கள் எழுதின ஆபத்து ஒன்றிலும் நாங்கள் மாட்டவில்லை. நானும் சித்தி பிள்ளைகளும் மாசியில் போனோம், எல்லாம் பெண்பிள்ளைகள். கரையேறுகிற இடத்துக்கு வந்தால் மோட்டார் சைக்கிளில் வந்த நாலைந்து பேர் உட்கார்ந்து பியர் குடிக்கிறார்கள். உடுப்பு எல்லாம் ஈரம், ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மாற்று உடுப்பு இருந்த பை அவர்களுக்குப் பின்னால், மரத்தடியில். சரி, போவார்கள் என்று கழுத்தளவு தண்ணீரில் இருந்தோம். போகவில்லை. போத்தல் முடிந்ததும் ஒருவன் போய் இன்னும் வாங்கி வந்தான். சின்னத் தங்கச்சிக்கு உதடு நீலமாகிப் பல் அடிக்கத் தொடங்கிவிட்டது, வெயில் எறித்துக்கொண்டிருக்க. கடைசியில் மாடு சாய்க்க வந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்தார், பிறகு அவர்களைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மாடுகளை நேரே அவர்கள் நடுவால் விட்டார்.

துப்பட்டாவோடு இறங்காதீர்கள், ரியூப் வால்வில் சுற்றும். இறங்குகிற இடம் ஒன்று, ஏறுகிற இடம் ஒன்று, இரண்டிலும் உங்கள் ஆள் ஒருவர் நிற்க வேண்டும். குடித்துவிட்டு இறங்குகிறவர்களைப் பற்றி மேலே எழுதிய ஆண்கள் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை, கவனித்தேன்.

ஸ்காபரோவாசி

பாலைப்பழம், உங்கள் அக்கா மாதிரி வந்து போகிற ஆள்தான் நானும். இங்கே ஒன்ராறியோவில் எலோரா என்ற இடத்தில் கிராண்ட் ஆற்றில் ரியூப் விடுவார்கள். தலைக்கவசமும் லைஃப் ஜக்கெற்றும் இல்லாமல் இறங்க விடமாட்டார்கள். நீர் ஓட்டம் கூடினால் அன்றைக்கு மூடிவிடுவார்கள், நீங்கள் எவ்வளவு தூரம் ஓடி வந்திருந்தாலும் சரி.

ஊருக்குப் போகும்போது என் மகனுக்கு ஒரு ஜக்கெற் கொண்டு போனேன். அவனுக்கு மட்டும். ஆற்றங்கரையில் மாமாமார் சிரித்தார்கள், "தம்பி கப்பலில் போகப் போறாரோ?" என்று. கொஞ்ச நேரத்தில் திரும்பிப் பார்த்தால் மகனின் உடம்பில் ஜக்கெற் இல்லை. அவனுக்கு நீந்தத் தெரியும், சித்தப்பாவின் மகளுக்குத் தெரியாது, அதனால் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டிருக்கிறான். அவளுக்கு அது பெரிது, காதுவரை ஏறி நிற்கிறது. அவன் செய்ததைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லோரையும் கரைக்குக் கூப்பிட்டேன். மாமாமார் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

தலைக்கு ஒரு ஜக்கெற் இல்லாவிட்டால் போகவேண்டாம். பிள்ளைகளுக்குக் காலிடுக்கால் வரும் வார் வைத்தது வேண்டும், இல்லாவிட்டால் தோளைப் பிடித்துத் தூக்கும்போது பிள்ளை கீழால் நழுவும். ரியூப் ஒரு பாதுகாப்புச் சாமான் அல்ல, அது வாகனம்.

முல்லை_மகள்

முல்லைத்தீவிலும் மன்னாரிலும் மீன்பிடிச் சாமான் விற்கிற கடைகளில் ஜக்கெற் கிடைக்கும். பெரிய அளவுதான் இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு உங்கள் அக்காவை அங்கிருந்தே கொண்டு வரச் சொல்லுங்கள்.

ஒட்டறுபாலம்

மிதந்து வந்த களைப்பில் குறுக்குவழி என்று தெரியாத கரையில் ஏறினோம். வெள்ளம் அரித்த மண் சுவரில் ஒரு தகரம் போல நீட்டிக்கொண்டு நின்றது. தம்பி அதைப் பிடித்து ஏறக் கையை வைக்கப் போனான். போர்க்காலத்து ஷெல். வந்த வழியே தண்ணீருக்குள் இறங்கிப் போய்ப் பொலிசுக்குச் சொன்னோம். வெள்ளம் எதையும் இடம் மாற்றும். பாதை உள்ள துறையில் மட்டும் ஏறுங்கள். வேறு சொல்ல இல்லை.

பாலைப்பழம்

எல்லோருக்கும் நன்றி. ஆறு ஓகஸ்டில் சரிவராது என்று விளங்குகிறது. வவுனிக்குளம், இரணைமடு மாதிரிக் குளத்தில் ரியூப் விட்டால்? சிறுபோகத்துக்கு (கோடைப் பயிருக்கு) தண்ணீர் விடுகிற வாய்க்காலில் விடலாம் என்றும் ஒருவர் சொன்னார்.

குளக்கட்டில்_வீடு

வாய்க்காலில் விடச் சொன்ன ஆளிடம் ஒரு கேள்வி: வாய்க்கால் றோட்டைக் கடக்கிற இடத்தில் குழாய்க்குள்ளால் போவீர்களா, மேலால் பறப்பீர்களா? துருசுக்கு (குளத்துத் தண்ணீர் திறந்துவிடுகிற மதகுக்கு) கிட்டப் போகவே கூடாது, வாய் தெரியாது, இழுவை மட்டும்தான் இருக்கும். அதோடு அது கமக்காரரின் முறைத் தண்ணீர். அங்கே கும்மாளம் அடித்தால் மண்வெட்டியோடு வருவார்கள், நியாயமும் அவர்கள் பக்கம்தான்.

குளத்தைப் பற்றி. கோடையில் சோழகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கும். காலையில் கண்ணாடி மாதிரிக் கிடக்கும், பத்து மணிக்குப் பிறகு பாருங்கள். என் மருமகன் வவுனிக்குளத்தில் அலைகரைப் பக்கமாக மிதக்கிற மெத்தை ஒன்றில் படுத்துக் கண்ணை மூடியிருக்கிறான். காற்று அவனைத் தள்ளிக்கொண்டு போகிறது, அவனுக்குத் தெரியாது. நாங்கள் கத்துகிறோம், காற்று எங்கள் குரலையும் வேறு பக்கம் கொண்டு போகிறது. வலை போட்டுக்கொண்டிருந்த வள்ளக்காரர் ஒருவர்தான் போய்க் கூட்டி வந்தார். இறங்கும்போது பொடியன், "ஏன் எழுப்பினீங்கள்?" என்று கேட்டான்.

தை மாசியில் வரச் சொல்லுங்கள். அப்போதும் அருவியாறு என்றால் இங்கே வானம் வெளித்திருக்கிறது என்று நம்ப வேண்டாம். அது ரிட்டிகல மலையில் தொடங்கி அநுராதபுரத்தால் வருகிற ஆறு, 164 கிலோமீற்றர். அங்கே பெய்த மழை இங்கே வர நேரம் எடுக்கும், வெயிலில் நிற்கும்போதே தண்ணீர் கலங்கி ஏறும். ஆற்றின் மேல்பக்கம் இருக்கிற தந்திரிமலையில் நீர்மட்டம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் போங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, அம்புலன்சுக்கு 1990. தண்ணீர் நிறம் மாறினால், சருகும் தடியும் மிதந்து வரத் தொடங்கினால், அந்த நிமிடமே ஏறுங்கள்.

பாலைப்பழம்

ரிக்கெற் எடுத்தாச்சாம், மாற்ற ஏலாதாம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறையும் அப்போதுதான். மடு மாதா கோயில் திருவிழாவுக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பெரியவன் மட்டும் விடுகிறான் இல்லை. மார்கழி விடுமுறை இரண்டு கிழமை இருக்கிறதே, அப்போது வருகிறேன் என்கிறான்.

மாங்குளத்தான்

மார்கழியிலா! வெள்ளத்துக்குள்ளா!

பரல்_அண்ணை

மாசிக்கு என்றால் சொல்லுங்கள். பரல் நாலு கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், மூடியும் இருக்கிறது. வாடகை வேண்டாம், திருப்பித் தந்தால் காணும்.