குடைமிளகாய் மகரந்தப்பை வளர்ப்பு: கேலஸ்தான் வருது, கருவுரு வரலை

விதைக்கூடை:
குடைமிளகாய் எஃப்1 (முதல் தலைமுறைக் கலப்பின) செடியின் மகரந்தப்பையை வளர்த்து ஹேப்ளாய்டு, அதாவது குரோமோசோம் பாதியாக உள்ள செடி, எடுக்கப் பார்க்கிறோம். எம்எஸ் (முராஷிகே-ஸ்கூக்) ஊட்ட மீடியா, 2,4-டி (ஆக்சின் வகை ஹார்மோன்) லிட்டருக்கு 2 மி.கி., சர்க்கரை 30 கிராம், அகார் 8 கிராம், பிஎச் 5.8. தட்டுகள் 25 டிகிரியில், வெளிச்சத்தில். மொட்டு பாதி விரிந்ததும் எடுக்கிறோம். பாதி மகரந்தப்பைகள் பழுப்பாகிச் சாகின்றன, மீதியில் வெள்ளைக் கேலஸ் (உருவமில்லாத செல் திரள்). அதில் தளிர் வந்தால் ஹேப்ளாய்டு என்று எடுத்துக்கொள்ளலாமா? கருவுரு (விதைக்குள் இருப்பது போன்ற இளங்கரு) ஏன் வரவில்லை, எங்கே தவறுகிறது?

நுண்ணோக்கி:
எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கேலஸ் பெரும்பாலும் மகரந்தப்பையின் சுவரிலிருந்து வருவது. அதில் முளைக்கும் செடி தாய்ச்செடியின் நகல்தான், 24 குரோமோசோம். உங்களுக்கு வேண்டியது 12 உள்ளது.

முதலில் மொட்டைப் பாருங்கள். பாதி விரிந்த மொட்டில் காலம் கடந்துவிட்டது. நுண்வித்து (மகரந்தமாகப் போகும் இளஞ்செல்) பிரிந்து மகரந்தமாக முதிரத் தொடங்கியிருக்கும். அல்லி இதழ் புல்லிவட்டத்தின் உயரத்தைத் தொட்டு, அதைத் தாண்டலாமா என்று நிற்கும் கட்டம்தான் சரி. பல ரகங்களில் அப்போது மகரந்தப்பையின் நுனியில் மட்டும் ஊதா நிறம் ஏறியிருக்கும். முழுக்க ஊதாவானால் தாமதம், பச்சையாகவே இருந்தால் அவசரம். ஊதாவே ஏறாத ரகமும் உண்டு என்பதால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொரு ரகத்துக்கும் தொடக்கத்தில் ஒரு மகரந்தப்பையை அசிட்டோகார்மின் சாயத்தில் நசுக்கிப் பார்க்கவும். நுண்வித்தின் நடுவே பெரிய வெற்றிடக்குமிழ், ஒற்றை உட்கரு சுவரோரம் ஒதுங்கியிருக்க வேண்டும். கார்மினில் தெளிவில்லை என்றால் உட்கருவை ஒளிரவைக்கும் டாப்பி (DAPI) சாயம், ஒளிர் நுண்ணோக்கி.

இன்னொன்று, செடி இளமையாக இருக்கட்டும். முதல் பூக்கொத்துகள் கொடுக்கும் பலனைக் காய் பிடித்துக் களைத்த செடி தராது.

பசுங்கூடம்:
மொட்டு சரியானாலும் உங்கள் மீடியா காலைவாரும். 2,4-டி அளவு 200 மடங்கு அதிகம். மிளகாய்க்குப் பலரும் பின்பற்றுவது 1981-இல் பிரான்ஸில் டூமாஸ் டெ வோ குழு வெளியிட்ட முறை. அதில் 2,4-டி 0.01 மி.கி., கைனடின் (சைட்டோகைனின் வகை ஹார்மோன்) 0.01 மி.கி., இரண்டுமே லிட்டருக்கு.

மொட்டை 70% ஆல்கஹாலில் அரை நிமிடம் முக்கி, பிறகு 2% சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு சொட்டு ட்வீன் (சோப்பு போல நனையவைப்பது) விட்டு 10 நிமிடம். கிருமி நீக்கிய தண்ணீரில் மூன்று முறை அலசல். மகரந்தப்பையை எடுக்கும்போது காம்பு ஒட்டியிருக்கக் கூடாது. இடுக்கி பட்டு நசுங்கியதைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள், காயம் பட்ட இடத்தில் கேலஸ்தான் கிளம்பும். குழிந்த பக்கம் மீடியாவைத் தொடும்படி வையுங்கள்.

தட்டுகள் 35 டிகிரியில், முழு இருட்டில் 8 நாள். இந்தச் சூடுதான் நுண்வித்தை மகரந்தமாகும் பாதையிலிருந்து கருவுருவாகும் பாதைக்குத் திருப்புகிறது. இதை விட்டால் மற்ற எதைச் சரிசெய்தும் பயனில்லை. பிறகு 25 டிகிரி, 12 மணி நேர வெளிச்சம், 4 நாள். பன்னிரண்டாம் நாள் 2,4-டி இல்லாத, கைனடின் 0.1 மி.கி. மட்டும் உள்ள மீடியாவுக்கு மாற்றம். சூட்டில் அகார் காய்ந்துவிடும்; பாராஃபிலிம் சுற்றி, இன்குபேட்டரில் ஒரு தட்டில் தண்ணீர் வைக்கவும்.

ஒன்று இரண்டு மாதத்தில் மகரந்தப்பை வெடித்துக் கருவுரு எட்டிப் பார்க்கும். பலவற்றில் வேர் இருக்கும், தளிர்முனை இருக்காது. வித்திலை தெளிவாக இருப்பவற்றை மட்டும் ஹார்மோன் இல்லாத மீடியாவுக்கு மாற்றுங்கள்.

ஊமத்தையில் 1964-இலேயே டெல்லிப் பல்கலையில் குகாவும் மகேஸ்வரியும் இதைச் செய்து காட்டினார்கள். மிளகாயும் அதே குடும்பம்தான், ஆனால் அந்தத் தாராளம் இதற்குக் கிடையாது. குடைமிளகாய் பரவாயில்லை, சிறுகாய்க் கார ரகங்கள் இன்னும் கஞ்சம். தக்காளி பக்கம் போகவே வேண்டாம்.

விதைக்கூடை:
மிக்க நன்றி. செடி வந்தபின் ஹேப்ளாய்டா இல்லையா என்று ஃப்ளோ சைட்டோமீட்டர் (செல்லின் டிஎன்ஏ அளவைக் காட்டும் கருவி) இல்லாமல் எப்படிப் பார்ப்பது?

நுண்ணோக்கி:
இலையின் அடிப்புறத் தோலை உரித்து, அயோடின் கரைசல் விட்டு, இலைத்துளைக் காப்புச் செல்களில் பசுங்கணிகங்களை எண்ணுங்கள். விதையிலிருந்து வந்த நாற்றை அருகில் வைத்து ஒப்பிட்டால் ஹேப்ளாய்டில் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருப்பது தெரியும். இலை குறுகி, பூ சிறுத்து, மகரந்தமே இல்லாமல் இருக்கும். அதன் கணுமொட்டில் 0.5% கோல்சிசின் நனைத்த பஞ்சு வைத்து இரட்டிப்பாக்கலாம். கொடிய விஷம், கையுறை கட்டாயம்.

இருமடியமாக (24 குரோமோசோமுடன்) வந்தவற்றில்தான் சிக்கல். கணிசமானவை தானே இரட்டித்துக்கொண்ட நல்ல செடிகள், சில சுவரிலிருந்து வந்த போலிகள். கணிக எண்ணிக்கையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். எஃப்1-இல் இரண்டு அல்லீல் (ஒரே இடத்தின் மாற்று வடிவங்கள்) காட்டும் எஸ்எஸ்ஆர் எனும் டிஎன்ஏ மார்க்கர்கள் சிலவற்றை ஓட்டுங்கள். எல்லாவற்றிலும் ஒரே அல்லீல் என்றால் உங்களுக்கு வேண்டிய தூய வரிசை; இரண்டும் தெரிந்தால் போலி.

கொடிவேர்:
இதே முறை வெங்காயத்துக்கு ஆகுமா?

பசுங்கூடம்:
ஆகாது. வெங்காயத்தில் பெண் பக்கம்தான் வழி. விரியாத பூவை முழுசாக மீடியாவில் வைத்தால் சூலிலிருந்து கருவுரு வரும், அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அங்கே 2,4-டி லிட்டருக்கு 2 மி.கி.தான் வழக்கம், கூடவே பிஏ (பென்சைல் அடினின், சைட்டோகைனின் வகை) 2 மி.கி., சர்க்கரை 100 கிராம்.