புதுப்பிப்பு: இடப்பக்கம் விலகிய அம்பு, மணிக்கட்டில் அடித்த நாண்

என் ஹிக்கரி மர நெடுவில்லில் நாண் மணிக்கட்டில் அடிக்கிறது, அம்பு இடப்பக்கமே போகிறது என்று கேட்டிருந்தேன் (வலக்கையால் இழுப்பவன்). பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

நாணை ஏற்கெனவே முறுக்கியிருந்த அதே திசையில் இன்னும் முறுக்கச் சொன்னது பலித்தது. நாண் குறுகி, வில்லின் பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி 6 அங்குலத்திலிருந்து 6¾ ஆனதும் மணிக்கட்டில் அடிப்பது நின்றது. 'டங்' என்ற சத்தமும் 'தும்' என்று அடங்கியது.

விலகல் மட்டும் போகவில்லை. அம்புத் தண்டு ரொம்ப விறைப்பு என்று ஒருவர் சொன்னதை அப்போது நம்பவில்லை. அவர் சொன்னதுதான் சரி. 100 கிரெயின் (எடை அலகு) அம்பு முனையைக் கழற்றி 145 கிரெயின் முனை போட்டேன். தண்டு கூடுதலாக வளைந்து, பிடியைச் சுற்றி நேராகப் போகிறது.

எதிர்பாராதது: ஓர் இரவு நாணேற்றியே வைத்ததில் வில் லேசாக வளைந்தபடியே நின்றுவிட்டது. இப்போதெல்லாம் எய்து முடித்ததும் நாணை இறக்கிவிடுகிறேன்.