மதுரையிலிருந்து டெட்ராய்ட்டுக்கு, எம்பாமிங் செய்யாமல் உடலை அனுப்ப முடியுமா?

வணக்கம். டெட்ராய்ட் பக்கம் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு 61 வயது, இரண்டு ஸ்டென்ட். என்றாவது உயிர்ப்பிக்க முடியும் என்ற நம்பிக்கையில், இறந்தபின் உடலைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் வைத்துக் காக்கும் கிரையோனிக்ஸுக்கு 2017லேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். 1967இல் முதன்முதலாக உறையவைத்த பேராசிரியர் பெட்ஃபோர்டே இன்னும் எழுந்த பாடில்லை. இருந்தாலும் இவர் நம்பிக்கை இவருக்கு.

டிசம்பரில் மூன்று மாதம் மதுரைக்கு வருகிறோம். அங்கே ஏதாவது ஆகிவிட்டால்? இரத்தத்தை எடுத்துவிட்டுப் பனிப்படிகம் உருவாகாமல் தடுக்கும் திரவம் ஏற்ற அங்கே ஆளில்லை. உலர்பனியில், அதாவது மைனஸ் 78 டிகிரியில், வைத்து அனுப்புவதுதான் ஒரே வழி. நம்மூர் ஃப்ரீசர் பெட்டி இதற்குப் பத்தாது.

சரக்கு ஏஜென்ட் மூன்று பேரிடம் கேட்டுவிட்டேன். எம்பாமிங், அதாவது உடல் கெடாமலிருக்க ஃபார்மலின் ஏற்றியதற்கான சான்றிதழ் கட்டாயம், உலர்பனி ஆபத்தான சரக்குப் பட்டியலில் இருக்கிறது என்கிறார்கள். ஃபார்மலின் ஏற்றினால் எல்லாமே வீண் என்கிறார் இவர். மதுரையில் உலர்பனி விற்பவர் "எதுக்கும்மா?" என்றார். சொன்னதும் போனை வைத்துவிட்டார். மாமியாரிடம் இன்னும் மூச்சுவிடவில்லை.

எம்பாமிங் இல்லாமல், உலர்பனியில் வைத்து இந்தியாவிலிருந்து உடலை வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா, எந்த வழியில் அனுப்பினீர்கள்?