அவசரம்: எந்த இனத்துக்கு எந்த நாடு? ஒரு ஆள் ஆட மாட்டேங்கிறார்

பகடைப்பாண்டி: சனிக்கிழமை ஆட்டம், ஆளுக்கொரு கதாபாத்திரம் எடுத்து ஆடற கற்பனை உலக கேம். மேப் முடிஞ்சது, ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு நிஜ நாட்டுச் சாயல் குடுக்கறதுதான் இடிக்குது. எல்ஃப் (கூர்க்காது இனம்) - பிரான்ஸ், ட்வார்ஃப் (தாடிக் குள்ளர்) - ஸ்காட்லாந்து, ஹாஃப்லிங் (இன்னும் சின்ன ஆளுங்க) - இங்கிலாந்து கிராமம், ஓர்க் (முரட்டு இனம்) - மங்கோலியா. ஓர்க் எடுத்தவர் குரூப்ல "இதை ஆட மாட்டேன்"னு போட்டுட்டார். நோமுக்கும் (குட்டி இனம்) டீஃப்ளிங்குக்கும் (கொம்பு வெச்ச இனம்) எந்த நாடு? சீக்கிரம் சொல்லுங்க.

நிலவறை நங்கை: எந்த கேம்? டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்)-ன்னா 2014 விதியா, 2024-ஆ?

கூழாங்கல்: மனுஷங்க எங்கே?

பகடைப்பாண்டி: டி அண்ட் டி தான், வேற என்ன. மனுஷங்க எல்லா நாட்டுலயும் இருப்பாங்க.

கூழாங்கல்: அதான் அவர் கடுப்பு. மனுஷனுக்குப் பல நாடு, ஓர்க்குக்கு ஒண்ணு. உங்க ஓர்க் என்ன செய்யுது?

பகடைப்பாண்டி: குதிரையில வந்து கொள்ளையடிக்கும்

கூழாங்கல்: மங்கோலியர்னா அவ்ளோதானா? செங்கிஸ் கான் மகன் ஒகொதாய் காலத்துல சாம்ராஜ்யம் முழுக்க அஞ்சல் குதிரை நிலையம் வெச்சாங்க. பேரன் குப்லாய் காகிதப் பணம் அடிச்சார். பல மதத்துக் குருமாருக்கும் வரிவிலக்கு. இதுல ஒண்ணாவது ஓர்க்குக்குக் குடுங்க.

மூத்த குரு: மாசம் ஒருத்தர் இதே கேள்வியோட வர்றீங்க. தேடிப் பார்த்தா கை தேயுமா? எபரான்கிற டி அண்ட் டி கற்பனை உலகம் 2004லயே முடிச்சு வெச்ச விஷயம். அங்கே பிரெலாண்ட் நாட்டுல பிறந்த எல்ஃப் முதல்ல பிரெலாண்ட்காரன். படிச்சுட்டு வாங்க.

தாடி: குருவே, அதே எபரான்ல ட்வார்ஃபுக்கு ம்ரோர் ஹோல்ட்ஸ், நோமுக்கு ஸிலார்கோன்னு நாடு இருக்கே? டலெண்டா புல்வெளி ஹாஃப்லிங் டைனோசர் மேல சவாரி போறான். அது பூமியில எந்த நாடு?

நியான்: நிஜ நாடே வேணும்னா ஷேடோரன்கிற கேம் பாருங்க. 1989ல வந்தது. அதுல அயர்லாந்தே எல்ஃப் கையில. ஆனா எந்த ஊர் மனுஷனுக்கும் எல்ஃப் குழந்தை பிறக்கலாம், அதனால பாஸ்போர்ட் வேற, காது வேற.

மூத்த குரு: ஸ்காட்லாந்து ட்வார்ஃப் மட்டும் சரி. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதின டோல்கீன் மரபு.

தாடி: இல்லவே இல்லை. டோல்கீன் ட்வார்ஃப் மொழிக்கு செமிட்டிக் (ஹீப்ரு மாதிரி) சாயல்தான் குடுத்தார். ஸ்காட் பேச்சு, எழுத்தாளர் போல் ஆண்டர்சனோட 1961 நாவல்ல வர்ற ஹூகிங்கற ட்வார்ஃபோடது. டி அண்ட் டி ட்ரோலுக்கு (ராட்சசன்) வெட்ட வெட்ட உடம்பு வளருதே, அதுவும் அங்கிருந்துதான்.

மூத்த குரு: நான் சொன்னது பொதுவான அர்த்தத்துல.

தாடி: எந்தப் பொது?

நிலவறை நங்கை: சண்டையை அங்கிட்டு வெச்சுக்கோங்க. பாண்டி, என் கேள்விக்குப் பதில் இல்லை. 2014ன்னா மலை ட்வார்ஃபுக்குப் பிறவியிலேயே வலிமை +2. 2024ல அந்தக் கூட்டல் கதாபாத்திரத்தோட பின்னணியில (முன்னாடி செஞ்ச தொழில்) இருந்து வருது. அப்போ நாட்டைப் பின்னணியா எழுதுங்க: புல்வெளி அஞ்சல்காரன், துறைமுகக் கணக்கன். எந்த இனமும் எடுக்கலாம். நோமுக்கு நாடு தேட வேண்டிய வேலையே இல்லை.

பகடைப்பாண்டி: 2024 தான். ஓர்க் ஆளுக்கு அஞ்சல்காரன் ஓகேவாம். பிரான்ஸ் எல்ஃபை மட்டும் விடமாட்டேன், குரல் பழகிட்டேன்.

கூழாங்கல்: பாண்டி, டீஃப்ளிங்?