1/1000 வைத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள், அவசர உதவி தேவை

கரிசல்_காட்சி:
எல்லோருக்கும் வணக்கம். நாளை மாலை 5 மணிக்குக் கபடி இறுதிப் போட்டி. இன்று அரையிறுதியை எடுத்தேன், மூன்று படம்கூடத் தேறவில்லை. ஷட்டர் வேகத்தை 1/100 வினாடியில் வைத்தால் ரைடரின் கை புகைபோல் கலைந்துவிடுகிறது. 1/1000 வைத்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாளிதழ்ப் புகைப்படக்காரரும் 1/1000-ல்தான் எடுத்தார். அவருடைய படங்களில் ஒரு பட்டையும் இல்லை. செய்திப் படக்காரர்கள் ஏன் இவ்வளவு வேகம் வைக்கிறார்கள்? எனக்கு மட்டும் ஏன் இப்படி ஆகிறது?

மேடைவிளக்கு:
எந்த வகைக் கேமரா? எந்த லென்ஸ்? திடலா, உள்ளரங்கமா? ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர்வு எண், எவ்வளவு? இவை தெரியாமல் யாராலும் வழி சொல்ல முடியாது.

தாமிரபரணி_75:
மெமரி கார்டுதான் காரணம். என் கார்டு பழுதானபோதும் இப்படித்தான் பட்டை விழுந்தது. புதுக் கார்டு வாங்குங்கள் தம்பி.

ஒளிமானி:
கார்டு பழுதென்றால் 1/100-லும் பட்டை விழுந்திருக்க வேண்டுமே. கரிசல், ஒரு படத்தில் எத்தனை பட்டைகள் என்று எண்ணிச் சொல்லுங்கள். அது முக்கியம்.

பழைய_ரோல்:
இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. கையேட்டைத் திறக்காமல் இங்கே வந்து நிற்கிறார்கள். நாங்கள் ஐஎஸ்ஓ 400 ஃபிலிமை 1600 ஆக ஏற்றிக் கழுவி, 1/125-ல் கபடி எடுத்தோம். ரைடர் எம்பி உச்சிக்குப் போனதும் ஒரு கணம் அசைவற்று நிற்பார். அந்தக் கணத்தில் விரல் அழுத்தத் தெரிந்தவருக்கு 1/1000 எதற்கு? வேகம் கேமராவில் இல்லை, கண்ணில் இருக்கிறது.

வாடிவாசல்:
ஐயா, எம்பும் உச்சியில் உடல் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் கை நிற்காது. வீசும் கை வினாடிக்கு 10 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/125-ல் அது 8 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், ஐந்து விரலும் ஒன்றாகக் குழையும். 1/1000-ல் 1 சென்டிமீட்டர்தான். தொட்டாரா இல்லையா என்பதுதான் கபடியில் செய்தி. விரல் நுனி தெரியாத படத்தை ஆசிரியர் எடுத்துக்கொள்ள மாட்டார்.

நான் பொங்கலுக்குப் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் எடுப்பவன். காளை வாடிவாசலைத் தாண்டி வெளியே பாய்வது ஒரே ஒரு முறை. திருமணத்தில் "மாலையை இன்னொரு முறை தூக்குங்கள்" என்று கேட்கலாம். காளையிடம் யார் கேட்பது? எது நடக்கும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால்தான் செய்திக்காரர் வேகத்தை முதலிலேயே ஏற்றிவைத்துக்கொள்கிறார்.

தாமிரபரணி_75:
சரி, கார்டு இல்லையென்றால் லென்ஸில் அதிர்வுத் தடுப்பை இயக்கிப் பாருங்கள். 1/100-லேயே கை தெளிவாக வரும்.

மேடைவிளக்கு:
வராது. அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும். ஆட்டக்காரர் ஓடுவதை அதனால் நிறுத்த முடியாது.

கரிசல்_காட்சி:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். உள்ளரங்கம், கூரை முழுக்க எல்இடி விளக்குகள். மிரர்லெஸ் கேமரா, 70-200 எஃப் 4 லென்ஸ். 1/100-ல் ஐஎஸ்ஓ 800. பட்டைகளை எண்ணினேன், எல்லாப் படத்திலும் ஐந்து. தம்பி இல்லை அண்ணா, தங்கை.

ஒளிமானி:
ஐந்தா? அப்படியானால் பிடிபட்டுவிட்டது தங்கையே. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் மலிவான எல்இடி விளக்குகள் வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். படத்தில் ஐந்து பட்டை என்றால், உங்கள் சென்சார் மேலிருந்து கீழே வரிவரியாகப் படித்து முடிப்பதற்குள் விளக்கு ஐந்து முறை மங்கியிருக்கிறது. அதாவது 1/20 வினாடி. இவ்வளவு மெதுவாகப் படிப்பது எலக்ட்ரானிக் ஷட்டர். மெக்கானிக்கல் ஷட்டரின் திரை ஏறக்குறைய 1/250 வினாடியில் கடந்துவிடும், ஐந்து பட்டைக்கு இடமே இல்லை. 1/100-ல் விளக்கின் ஒரு முழுச் சுற்றும் பதிவாகிவிடுவதால் பட்டை தெரியவில்லை. சத்தமில்லாத முறையில் அதுதான் இயங்கும். அந்த முறையை எங்காவது போட்டுவைத்தீர்களா?

பழைய_ரோல்:
ஃபிலிமில் இந்தச் சிக்கலே வந்ததில்லை. இப்போது எல்லோருக்கும் எண் வெறி. அமெரிக்காவின் பட்லரில் டிரம்ப் சுடப்பட்டபோது நியூயார்க் டைம்ஸ் படக்காரர் டக் மில்ஸ் 1/8000-ல் பறந்துவந்த துப்பாக்கிக் குண்டையே படத்தில் பிடித்தார் என்று கேள்விப்பட்டதும், ஊரில் ஆளாளுக்கு 1/8000 வைக்கிறார்கள்.

வாடிவாசல்:
மில்ஸ் குண்டைப் பிடிக்க 1/8000 வைக்கவில்லை. 2024 ஜூலை 13, நல்ல வெயில். மேடைக்கு அருகே அகலக் கோண லென்ஸில் ஒளி நுழையும் துளையை எஃப் 1.6-க்கு, அதாவது மிக அகலமாக, திறந்திருந்தார். அந்த வெயிலில் அவ்வளவு திறந்தால் ஐஎஸ்ஓ 100-லும் ஏறக்குறைய 1/8000 வைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் படம் வெளுத்துவிடும். குண்டு வந்தது யாருக்கும் தெரியாது. அவர் தயாராக இருந்தார் என்பதே செய்தி. அடுத்த ஆண்டு புலிட்சர் இதழியல் விருது கிடைத்ததும் அதற்குத்தான்.

பழைய_ரோல்:
குண்டு கோடாகத்தானே தெரிகிறது? உறையவில்லையே?

வாடிவாசல்:
வினாடிக்கு ஏறக்குறைய 1,000 மீட்டர் போகும் பொருள், 1/8000-லும் 12 சென்டிமீட்டர் நகரும். கோடாகத் தெரிவதே கணக்கு சரி என்பதற்குச் சான்று. 1/500-ல் எடுத்திருந்தால் அந்தக் கோடு 2 மீட்டருக்கு நீண்டு, காற்றில் கரைந்து, கண்ணுக்கே தெரியாமல் போயிருக்கும்.

மேடைவிளக்கு:
அந்தப் பெண்ணுக்கு நாளை போட்டி. பட்லரை அப்புறம் பேசலாம். கரிசல், மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றினாலும் இந்த விளக்கில் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும். மெனுவில் ஒளி மினுக்கத் தடுப்பு இருந்தால் இயக்குங்கள். விளக்கு உச்ச வெளிச்சத்தில் இருக்கும்போது மட்டும் ஷட்டர் திறக்கும், தொடர் படங்களின் வேகம் சற்றுக் குறையும். 1/1000-க்கு ஐஎஸ்ஓ 8000 வரை போக வேண்டியிருக்கும், அஞ்ச வேண்டாம். நாளிதழ்த் தாளில் அச்சானால் புள்ளி இரைச்சல் பெரும்பாலும் அடங்கிவிடும். குழைந்த கை அடங்காது.

பழைய_ரோல்:
ஐஎஸ்ஓ 8000-ல் எடுத்ததைப் படம் என்றே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கரிசல்_காட்சி:
போன வாரம் சபாவில் கச்சேரி எடுக்கப் போட்ட சத்தமில்லாத முறை அப்படியே இருந்திருக்கிறது. மாற்றிவிட்டேன். இறுதிப் போட்டி முடிந்தது. 1/800, ஐஎஸ்ஓ 6400, மினுக்கத் தடுப்பு. பட்டை ஒன்றுகூட இல்லை. கடைசி ரைடில் மூன்று பேர் காலைப் பிடித்திருக்க, நடுக்கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் அவருடைய ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிகின்றன. நகத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்புத் தூள்கூட விழுந்திருக்கிறது. படங்களை அனுப்ப வேண்டும், பிறகு வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

வாடிவாசல்:
அந்தப் படத்தை இங்கேயும் போடுங்கள். கை கோட்டைத் தொட்டதா?